சிங்கம் முன்னால் போன சீர்

பினாங்கு விமான நிலையத்தில் எங்கள் பெட்டியைத் திறந்த அதிகாரி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த ஒன்பது பித்தளைத் தாம்பாளங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். பக்கத்தில் நின்ற சகாவிடம் மலாயில் ஏதோ சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள்: "இந்த நாட்டுல தட்டே கிடைக்காதுன்னு யாரோ இவங்ககிட்ட சொல்லியிருக்காங்கன்னு பேசிக்கிறாங்க."

என் வீட்டுக்காரர் பரமசிவம் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "இது சீர்த் தட்டுங்க. தாய்மாமன் சீர்" என்று பதில் சொன்னார். அந்த அதிகாரிக்கு அது விளங்கியிருக்கும் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

விஷயம் இதுதான். நாங்கள் எம்.ரெட்டியபட்டிக்காரர்கள். அவர் கரிசலில் பருத்தியும் குதிரைவாலியும் போடுகிற சம்சாரி. நான் அருப்புக்கோட்டையில் கணக்கு டீச்சர். அவருடைய ஒரே தங்கை செல்வி, சென்னையில் வேலை பார்த்தபோது பினாங்குத் தமிழரான குமரனைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் போகவில்லை. அதன் பிறகு எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகை வந்தது. அவளுடைய மூன்று வயது மகள் யாழினிக்குக் காதுகுத்து. 'தாய்மாமன்' என்று போட்டு, கீழே இவர் பெயரை அச்சடித்திருந்தாள். இரண்டு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் காலையில், "பாஸ்போட்டுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அந்தச் சீர் சும்மா வீட்டுக்குள் நுழையாது. கோயிலில் வைத்துக் கும்பிட்டு, மேளத்தோடு தெருவுக்கு வரும். தங்கையின் புகுந்த வீட்டார் தெருவில் இறங்கி வந்து, ஆரத்தி எடுத்து, வாய் நிறைய "வாங்க" என்று அழைக்க வேண்டும். அதன் பிறகுதான் மாமன் வாசல்படி மிதிப்பான். அதுவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இது பினாங்கில் யாருக்காவது தெரியுமா என்று கிளம்பும் வரை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

காதுகுத்து வெள்ளிக்கிழமை. அதனால்தான் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமையே கோணல் ஆரம்பித்தது. குமரன் காரோடு வந்து நின்றார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "வீட்டுல அறை ரெடியா இருக்கு, மச்சான். வாங்க போகலாம்" என்றார்.

"இல்ல மாப்ள, வெள்ளிக்கிழம வாரோம். இப்ப ஒரு லாட்ஜுல எறக்கிவிட்டுருங்க" என்றார் இவர்.

குமரனின் முகம் தொங்கிப் போயிற்று. மச்சானுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று அவர் நினைத்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. லாட்ஜுக்கு வந்ததும் இவரிடம், "கோயில்ல இருந்து சீரோட வருவோம், வந்து அழைங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்துக் கூப்பிட வச்சா அதுக்குப் பேரு அழைப்பா? நீயும் அந்த வீட்டாளுககிட்ட வாயத் தொறக்கக் கூடாது, ஆமா" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். இருபது வருஷமாக அந்த முயலோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

அந்த லாட்ஜ் ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியாக இருந்ததாம். மரப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் முனகியது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், மேலே பாதியை வேய மறந்த மாதிரி ஒரு சீமை ஓட்டுக் கூரை. செல்வியின் வீடு அங்கிருந்து மூன்றே தெரு. அதுவும் பழைய பட்டணத்துக்குள்ளேயேதான் இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் நான் ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன். அழைப்புக்காகக் காத்திருக்கிற மாமன் அறையிலேயே காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கப்பல் வியாபாரத்துக்காக வெள்ளைக்காரக் கம்பெனி உண்டாக்கிய பட்டணம் இது. கடலை ஒட்டிய தெருவில் யானை கட்டலாம் போலத் தூண் வைத்த ஆபீஸ்கள் நிற்கின்றன. சிலவற்றில் பாங்கி நடக்கிறது. சிலவற்றில் பூட்டுகூடத் துருப்பிடித்துவிட்டது. ஒரு கட்டடத்தின் மாடிச் சுவரில் அரசமரம் ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. எங்கள் ஊரில் மரக்கன்று நட்டுவிட்டு, அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தும் பாதி கருகிப் போகிறது.

கோட்டையில் பீரங்கிகள் கடலைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கின்றன. அதில் ஒரு பீரங்கியின் வாயில் யாரோ பூ வைத்திருந்தார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வைப்பதாக அங்கிருந்த காவலாளி சொன்னார். மைல்கல்லுக்கு மஞ்சள் பூசுகிறோம் என்று நம்மைக் கேலி செய்கிறவர்கள் இங்கே ஒரு தடவை வந்துவிட்டுப் போகலாம்.

கடைத்தெருக்களில் எனக்கு மிகவும் பிடித்தது நடைபாதைதான். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் மாடி வெளியே நீண்டு, அதற்குக் கீழே ஐந்தடி அகலத்துக்கு நிழலான வழி. வெயிலும் மழையும் படாமல் தெருக்கோடி வரை நடக்கலாம். நடுநடுவே மோட்டார் சைக்கிள், மீன் கூடை, தூங்குகிற பூனை என்று தடங்கல்கள் உண்டு. ஒரு கடையில் மூங்கிலும் காகிதமும் வைத்து வீடு, கார், செல்போன் எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். செத்துப்போன பெரியவர்களுக்கு எரித்து அனுப்புவதற்காம். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற மரவீட்டு வரிசைகளையும் போய்ப் பார்த்தேன். ஒரே வம்சப் பெயர் உள்ளவர்கள் ஒரு பாலத்தில், இன்னொரு வம்சம் அடுத்த பாலத்தில். எங்கள் பங்காளித் தெருவைத் தண்ணீருக்குள் தூக்கி வைத்தது போல இருந்தது. சண்டையும் இருக்கும் என்று தோன்றியது.

மத்தியானம் இவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாசி கண்டார் கடைக்குப் போனேன். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுகிற கடை. "ஐயையோ, கலக்காதீக! ஒண்ணொண்ணா ஊத்துங்க!" என்று இவர் அலறியதும் கல்லாவில் இருந்தவர் எழுந்து ஓடி வந்தார்.

"அண்ணே, இது நம்ம பக்கத்துப் பேச்சுல்ல! எந்தூரு?"

"எம்.ரெட்டியபட்டி."

"அட! நான் நமக்கு அடுத்தாப்புல வீரசோழன் ஊருண்ணே!" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் சிக்கந்தர். பதினைந்து வருஷமாக இங்கே கடை நடத்துகிறார். அதற்கப்புறம் எங்கள் இலைக்குத் தனித்தனிக் கிண்ணத்தில் குழம்பு வந்தது. ரசம்கூட வந்தது. நான் கலந்த குழம்பையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை. எங்கள் ஊரில் அப்படிப் பெய்தால் அடுத்த மூன்று வருஷத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்போம். இங்கே ஒருவரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவர் மட்டும் கடை வாசலில் நின்று, சாக்கடையில் நுரைத்து ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டையும் கடலுக்கா விடுறானுக? ஒரு கம்மா பெருகுமே!" என்று புலம்பினார். அரைமணி நேரம் அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

மழை விட்ட பிறகு லாட்ஜ் இருந்த தெருவில் ஒரு புதுக்கடைத் திறப்பு விழா. முரசும் ஜால்ராவும் காதைப் பிளக்க, இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆட்டுகிற சீனச் சிங்கம் ஆடி வந்தது. கடைக்காரர் குடும்பத்தோடு தெருவில் இறங்கி, கீரைக்கட்டைக் காட்டி, கும்பிட்டு, அதை உள்ளே கூட்டிப் போனார். என் பக்கத்தில் நின்ற பூக்கடைத் தமிழ் அம்மாள், "வாசலுக்கு வந்த சிங்கத்தைக் கூப்பிடாம விட்டா அதிர்ஷ்டம் திரும்பிப் போயிடும் லா. இந்தத் தெருக்கள்ல சீனன், தமிழன், எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். இந்த ஊர்த் தமிழில் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது. அழகான பழக்கம் என்று நினைத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

வியாழக்கிழமைதான் மானம் போயிற்று. மாரியம்மன் கோயிலுக்குப் போக மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைப் பிடித்தோம். இவர் வண்டிக்காரரிடம், "அப்படியே அந்தத் தெரு வழியாப் போங்க, சும்மா பாத்துட்டுப் போவோம்" என்று கையைக் காட்டினார். தங்கை வீட்டைத் தூரத்தில் இருந்தாவது பார்க்க ஆசை. அதைச் சொல்ல வாய் வராது. செல்வியின் வீட்டு வாசலுக்கு நேரே வந்தபோது டப்பென்று டயர் வெடித்தது. மாடி ஜன்னல் திறந்தது. இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் குனிந்து, விறுவிறுவென்று தெருமுனைக்கு ஓடிவிட்டார். ஐம்பது வயது மனிதர்! வண்டிக்காரருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

அன்று சாயங்காலம் சீருக்குப் பூமாலை சொல்லி வைக்கப் பூக்கடைக்குப் போனேன். அங்கே செல்வி நின்றுகொண்டிருந்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவளை நேரில் பார்க்கிறேன். "மதினி" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டு மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடுறாகளே மதினி. எம்மூஞ்சியில முழிக்கக்கூடப் பிடிக்கலையா? அப்புறம் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தாக?"

"ஏத்தா, சீர் கொண்டு வந்திருக்காக. ஒம்பது தட்டு. அழைக்காம வாசல் மிதிக்கக் கூடாதுன்னு மூணு நாளாத் தவம் கெடக்காக" என்றேன். அந்த வீட்டாரிடம்தானே சொல்லக் கூடாது என்றார், தங்கையிடம் சொல்லலாம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதுவும் போயிற்று. "எங்கத்தைக்கு இந்த மொறையெல்லாம் தெரியாது மதினி. கல்யாணத்துக்கே வராத அண்ணனத் தெருவுல எறங்கிப் போயி ஆலாத்தி எடுத்துக் கூப்பிடுங்கன்னு நான் எந்த வாயால கேப்பேன்? நான் கேக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு?"

"பத்தரை மணி வரைக்கும் பாப்பாக. அண்ணன் வரலைன்னா எங்க வீட்டுக்காரரு சிநேகிதர் மடியில வச்சுக் குத்திருவோம்னு பேசி முடிச்சாச்சு."

பிள்ளை வேறொருவர் மடியில் உட்கார்ந்துவிட்டால் இந்த அண்ணனும் தங்கையும் இனி இந்தப் பிறவியில் பேசப் போவதில்லை. இவர் சொல்ல விட மாட்டார், அவள் கேட்க மாட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கோபத்தோடு தெருவில் நடந்தேன். எங்கோ முரசுச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்த சிங்கத்தைக் கூப்பிடாமல் விடமாட்டார்கள் என்று பூக்கடை அம்மாள் சொன்னது நினைவுக்கு வர, அங்கேயே நின்றுவிட்டேன்.

சிக்கந்தர் பாயைக் கையோடு கூட்டிக்கொண்டு சத்தம் வந்த இடத்துக்குப் போனேன். ஒரு பழைய சீனச் சங்கத்தின் முற்றத்தில் சிங்க ஆட்டக்காரர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் டான் என்ற எழுபது வயதுக்காரர். பாய் அவருடைய மொழியிலேயே பேசினார். டான் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டதைப் பாய் தமிழில் சொன்னார்: "பிள்ளை காதில் ஓட்டை போடுவதற்கா சிங்கம்?"

"காதுக்கு இல்ல, மாமனுக்குன்னு சொல்லுங்க பாய்" என்றேன். பாய் நீளமாக விளக்கினார். டான் முரசுக் குச்சியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதைப் பாய் எனக்குச் சொன்னபோது அவருக்கே ஆச்சரியம். "எங்களிடமும் ஒரு பழமொழி உண்டு. மேலே வானத்துச் சாமி, கீழே தாய்மாமன். எத்தனை மணிக்கு வரவேண்டும்?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாரியம்மன் கோயில் வாசலில் ஒன்பது தட்டும் தயார். பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, தங்கத் தோடு, மாலை, பழம், தேங்காய், கற்கண்டு, சாத்தூர்க் காரச்சேவு, கருப்பட்டி மிட்டாய். சுமப்பதற்குச் சொந்தக்காரர்கள் ஏது? பாய் கடை ஆட்கள் நாலு பேர், பூக்கடை அம்மாள், லாட்ஜ்காரம்மா, காகித வீடு செய்கிற சீனப் பெண்கள் இரண்டு பேர், நான். கணக்கு சரியாக வந்தது. வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்த இவர், சிவப்புச் சிங்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது?"

"நம்மூருல சீருக்கு முன்னால கிடா வரும்ல? இங்க சிங்கம். மேளமும் இவுகதான்."

சிங்கத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மீசையை முறுக்கினார். "ரெட்டியபட்டியில எந்த மாமனுக்கும் சிங்கம் வந்ததில்ல" என்றார். முரசு முழங்க ஆரம்பித்தது.

பத்தடி போவதற்குள் தூறல் விழுந்தது. சிங்கம் நனையக் கூடாதாம். டான் குச்சியை உயர்த்திக் காட்ட, ஊர்வலம் முழுவதும் ஐந்தடி நடைபாதைக்குள் புகுந்தது. தாழ்ந்த கூரைக்கடியில் முரசு இன்னும் பெரிதாக அதிர்ந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே சிங்கம் உடம்பை நெளித்துக்கொண்டு போயிற்று. தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டோம். கடைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். மாடி ஜன்னல்கள் பட்பட்டென்று திறந்தன. ஒரு மலாய்ப் பெண், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாளாம். பூட்டிக் கிடந்த கிட்டங்கிக் கதவுகள்கூடக் கிடுகிடுத்தன. எட்டு வருஷமாகத் தலை குனிந்து நடந்த மனிதர் அன்றைக்கு நிமிர்ந்து நடந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கத்திக் குலவை போட்டேன்.

செல்வியின் வாசலில் நான் நினைத்தது அப்படியே நடந்தது. முரசுச் சத்தம் கேட்டு அவளுடைய மாமியார் ஓடி வந்தார். ஒரு கையில் கீரைக்கட்டு, இன்னொரு கையில் பிள்ளைக்காகக் கரைத்து வைத்திருந்த ஆரத்தித் தட்டு. தெருவில் இறங்கித் தட்டைச் சுற்றி, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார். சிங்கம் கீரையைக் கவ்விக்கொண்டு உள்ளே போயிற்று. பின்னாலேயே இவரும் வலது காலை எடுத்து வைத்து நுழைந்தார்.

கூடத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். இவர் நெஞ்சு நிறைந்து, மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டார். "தெருவுல எறங்கி வந்து அழைச்சீக. இது போதும். எம்மனசு குளுந்துருச்சு."

அந்த அம்மாள் கள்ளம் இல்லாமல் சிரித்தார். "நான் சிங்கத்தைத்தானே லா கூப்பிட்டேன். கூடவே நீங்களும் வந்தது நல்லதாப் போச்சு."

இவர் முகம் கறுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். செல்வி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போகப் போறீகளா? போங்கண்ணே. ஒங்களுக்குப் பழக்கந்தான்" என்றாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.

இனி என்ன கட்டுப்பாடு? மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீர், அழைப்பு, லாட்ஜ், மூன்று நாள், வெடித்த டயர். சிங்கம் என்னுடைய வேலை என்பதையும் சொன்னேன்.

அவர் இவரை நேராகப் பார்த்தார். "கல்யாணத்தன்னைக்கு இந்தப் பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்துல இருந்தேன். உங்களை வாசல்ல கூப்பிடணும்னு சொல்றீங்களே, அன்னைக்கு உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிச்சு தெரியுமா?"

இவர் தலை தொங்கிவிட்டது. "தப்புத்தான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரி, எல்லாரும் வெளியே போங்க" என்றார் அந்த அம்மாள். சிங்கம் நனையாமல் நடைபாதையில் நிற்க, மாமனையும் தட்டுகளையும் தெருவுக்கு அனுப்பினார். தானே புதிதாக ஆரத்தி கரைத்தார். மகனையும் மருமகளையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு, தூறலில் செருப்பில்லாமல் இறங்கி வந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"செல்வியோட அண்ணா, எங்க யாழினியோட தாய்மாமா, பரமசிவம், வாங்க. உங்க தங்கச்சி வீட்டுக்கு வாங்க."

டான் முரசில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இவர் வேட்டி நனைய, கண்ணீரைத் துடைக்காமல் உள்ளே போனார்.

மணி பத்து இருபத்தெட்டு. செல்வி பிள்ளையைத் தூக்கி வந்து அண்ணன் மடியில் வைத்தாள். "இந்தாங்கண்ணே, ஒங்க மருமக" என்றாள். யாழினி இந்தப் புது மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. எட்டி அவருடைய மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை ஏற்றினார். அவள் வீலென்று கத்திக்கொண்டு மீசையை இழுக்க, இவரும் கூடச் சேர்ந்து கத்தினார். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுகாது குத்தி முடிகிற வரைக்கும் பிள்ளை பிடியை விடவில்லை. மாமனும் விடுவிக்கச் சொல்லவில்லை.